இரண்டாம் நாள் வராதவர்கள்

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு 'அசையாதே அக்கா' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஆளைப் படுக்க வைத்து, காதில் பஞ்சு அடைத்து, தலையைச் சுற்றிக் கூண்டு மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, மைக்கில் அவள் நாள் முழுக்கச் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். "அசையாதீங்க. இன்னும் ஆறே நிமிஷம். அசையாதீங்க." வீட்டில் பால் பொங்கினால்கூட அவள் பாலைப் பார்த்து "அசையாதே" என்றுதான் அதட்டுவாள் என்று அவள் கணவன் கேலி செய்வான்.

இரண்டு வருஷமாக அங்கே நடந்துகொண்டிருந்தது நாட்பட்ட சோர்வு நோயைப் பற்றிய ஆராய்ச்சி. பெயரைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். "சோர்வா? எனக்கும்தான் இருக்கு" என்று சொல்லாத ஆள் உண்டா? ஆனால் இது அந்தச் சோர்வு இல்லை. ஒரு காய்ச்சல் வரும், போகும், அதோடு ஆளையும் கொண்டுபோய்விடும். தூங்கினால் தீராது. மாடி ஏறினால், நாலு பேரோடு அரைமணி பேசினால், மறுநாள் படுக்கையோடு படுக்கை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். சொந்தக்காரர்கள் அதைவிட நன்றாகப் பிதுக்குவார்கள்.

மூளைக்குள் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பதுதான் பேராசிரியரின் திட்டம். முதல் நாள் ஒரு ஸ்கேன். அது முடிந்ததும் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க வேண்டும். பிறகு இருபது நிமிஷம் மனக்கணக்குப் போட வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து இன்னொரு ஸ்கேன். நோயாளிகளில் நாற்பது பேர், நல்லபடியாக இருப்பவர்களில் நாற்பது பேர். இரண்டு நாளும் வந்தவர்களின் படங்கள் மட்டுமே கணக்கு. ஒரு நாள் வந்துவிட்டு மறுநாள் வராதவரை நீக்கிவிட்டு அவர் இடத்தில் வேறொருவரைச் சேர்க்க வேண்டும்.

எண்பது பேரும் முடிந்தாகிவிட்டது. முடிவு? ஒன்றுமில்லை. இந்த நாற்பதும் அந்த நாற்பதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. கடைசி அறிக்கையை எழுத ஆரம்பித்திருந்தார் பேராசிரியர். ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். இப்போதோ பேச்சே நின்றுபோயிருந்தது.

அக்காவுக்கு அந்த முடிவில் ஆச்சரியமே இல்லை. அதுதான் அவளுடைய பாவம். ஏனென்றால் இதே நோய் அவள் வீட்டிலும் இருந்தது. சொந்தத் தங்கைக்கு.

தங்கை நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள். நகராட்சி நீச்சல் குளத்தில் தண்ணீரைக் கண்டு அலறும் பிள்ளைகளை ஒரே வாரத்தில் மீனாக்கிவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. இப்போது அவளால் நின்றபடி குளிக்க முடியாது. குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். தனியாக இருக்க முடியாது என்று அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். பின்பக்க அறை, ஜன்னலில் இரட்டைத் திரை.

அவளை முதலில் நம்பியது அக்காவின் கணவன்தான். அவன் வாடகை வேன் ஓட்டுகிறவன். அறிவியல் வாசனையே கிடையாது. "மச்சினி சும்மா படுக்கிற ஆளா? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தண்ணியில குதிச்ச பொண்ணு. அவ படுத்திருக்கான்னா எழுந்திருக்க முடியலன்னு அர்த்தம். இதுக்கு எதுக்கு ஸ்கேனு?" என்பான். படித்தவளுக்குத்தான் சந்தேகம். தினமும் மூளைகளைப் பார்க்கிறவள் அவள். பார்த்த மூளைகளில் ஒரு குறையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாததை அவள் எப்படி நம்புவாள்?

ஒருநாள் தங்கையின் பழைய தோழி ஒருத்தி பார்க்க வந்தாள். அன்று சாயங்காலம் முழுக்கத் தங்கை கூடத்தில் உட்கார்ந்து பேசினாள், சிரித்தாள், எழுந்து நின்று யாரைப் போலவோ நடித்துக்கூடக் காட்டினாள். மறுநாள் கண்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்தவள் ஐந்து நாள் எழவில்லை. மூன்றாம் நாள் தட்டை எடுக்க வந்த அக்கா வாசலில் நின்று கேட்டாள்: "அன்னிக்கு மட்டும் அவ்வளவு நல்லா இருந்தே. ஆளுக்குத் தகுந்த வேஷமாடி இது?"

சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியுமா? அதற்குப் பிறகு அக்கா எப்போது கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்ற ஒரே பதில்தான். ஒரு வருஷமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் விருந்தாளிகளைப் போல மரியாதையாக இருந்தார்கள்.

இந்த நிலையில் நீச்சல் குளத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்குத் திரும்பாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். தங்கை கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க ஆராய்ச்சி முடிவு எப்போ வரும்?" என்று கேட்டாள். அவளாக வாய் திறந்து கேட்ட கேள்வி அது.

"ஏன்?"

"அதுல ஏதாவது இருக்குன்னு வந்தா சரி. ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா நான் முதல் தேதி வேலைக்குப் போயிடறேன்க்கா. எல்லாரும் சொல்ற மாதிரி எல்லாம் என் மனசுதான்னா, மனசை நாலு அறை விட்டு எழுப்பிக்கறேன்."

நோய் வந்த புதிதில் தங்கை இப்படித்தான் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு நாலு மாதம் படுக்கையிலேயே ஊட்டிவிட வேண்டியிருந்தது. அதை அக்கா மறக்கவில்லை. அதற்கும் ஏதோ ஒரு காரணம் கற்பித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். முடிவு என்னவென்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. "இன்னும் எழுதிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை பேராசிரியர் கூப்பிட்டார்.

"நீக்கினவங்க எத்தனை பேர்னு ஒரு கணக்கு வேணும். அறிக்கையில ஒரு அடிக்குறிப்பு போடணும். பழைய படிவமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

அவளிடம்தான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். முன்பக்கத்தில் இரண்டே கட்டம். வந்தார், வரவில்லை. வராதவர்களுக்கு அவளே போன் செய்வாள். அவர்கள் சொன்ன காரணத்தைப் பின்பக்கம் பென்சிலில் குறித்து வைப்பாள். யாரும் கேட்டதில்லை; அவளுக்கு எதையும் குறைவாக எழுதி வைத்தால் கை அரிக்கும். பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்த்ததும் இல்லை, எழுதியவள் உட்பட.

மேஜையில் பரப்பி எண்ண ஆரம்பித்தாள். நல்லபடியாக இருப்பவர்களில் நாற்பது பேர் தேற, கூப்பிட வேண்டியிருந்தது நாற்பத்தொரு பேரைத்தான். வராத அந்த ஒருவன் மறந்துபோய் சினிமாவுக்குப் போய்விட்டான். நோயாளிகளில் நாற்பது பேர் தேற ஐம்பத்தேழு பேர்.

பதினேழு பேர். அப்போதெல்லாம் அவளுக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கிறது! ஒரு மணி நேரம் இயந்திரம் சும்மா கிடக்கிறதே, இவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா என்று எத்தனை முறை முணுமுணுத்திருப்பாள். ஒரு படிவத்தைத் திருப்பினாள். அவள் கையெழுத்துதான். 'எழுந்திருக்க முடியவில்லையாம்.' அடுத்தது. 'குளியலறை வரை போய் விழுந்துவிட்டார். மகள் பேசினாள்.' அடுத்தது. 'வெளிச்சம் கண்ணில் பட்டால் வாந்தி வருகிறதாம்.' 'பேச முடியவில்லை, அடுத்த வாரம் கூப்பிடச் சொன்னார்கள்.' 'படுத்திருக்கிறார்.' 'படுத்திருக்கிறார்.' 'படுத்திருக்கிறார்.'

அக்காவின் கை நின்றுவிட்டது.

சைக்கிள் மிதிக்க வைத்தது யார்? இவர்கள். மிதித்ததால் விழுந்தது யார்? அந்தப் பதினேழு பேர். விழுந்தவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, எழுந்து நடந்து வந்தவர்களை மட்டும் படம் பிடித்துவிட்டு, நோயே தெரியவில்லையே என்று இரண்டு வருஷம் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைச் செய்தவள் இவளேதான். அதுவும் ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டு!

அந்தப் பதினேழோடு பதினெட்டாவதாகத் தங்கையின் பெயரிலும் ஒரு படிவம் இருப்பதுபோல் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. தோழி வந்த சாயங்காலம் 'வந்தார்' கட்டம். அதற்கு மறுநாள் 'வரவில்லை' கட்டம். அதற்கு அவள் பின்பக்கம் எழுதியது 'வேஷம்.' நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

படிவங்களை அள்ளிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். பதினேழும் படித்து முடித்த பிறகு, வழக்கத்துக்கு மாறாக, உடனே பேசினார்.

"இத்தனை நாளா இதை நான் படிக்கவே இல்லையே."

"நானே படிக்கல சார். எழுதினேன், அவ்வளவுதான்."

"அறிக்கையை நிறுத்தி வைக்கறேன். ரெண்டு மாசம் கேட்டு வாங்கறேன். இவங்களை மறுபடி கூப்பிட முடியுமா? ஆனா அவங்களால வர முடியாதே. அதுதானே விஷயமே?"

"வர வேண்டாம் சார். நாம போய்க் கூட்டிட்டு வரலாம். படுத்த வாக்கிலேயே. வண்டி என் வீட்டுலயே இருக்கு."

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா நேரே பின்பக்க அறைக்குப் போனாள். விளக்கைப் போடவில்லை. கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது கண்ணீர்தான்.

"அன்னிக்கு வேஷம்னு சொன்னேன் பாரு. தப்புடி. மன்னிச்சுடு."

தங்கை கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"இப்போ என்ன திடீர்னு? ஆராய்ச்சியில ஏதாவது வந்துடுச்சா?"

அக்கா பதினேழு பேர் கதையைச் சொன்னாள். மறுபடி படம் எடுக்கப் போகிறார்கள் என்றும் சொன்னாள்.

"ஓஹோ," என்றாள் தங்கை. குரல் மெலிந்திருந்தாலும் கூர் மழுங்கவில்லை. "சரிக்கா, மறுபடி எடுக்கறீங்க. அதுலயும் ஒண்ணும் தெரியலன்னா? அப்போ இந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்குவியா?"

அக்கா "ஐயோ, இல்லடி" என்றாள். அந்த 'இல்லடி' அவள் காதுக்கே பலவீனமாகத்தான் கேட்டது. தங்கை திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுபடி சோதனை செய்ய ஆராய்ச்சி ஒப்புதல் குழு அனுமதி தர இரண்டு வாரம் ஆனது. அக்கா பதினேழு பேருக்கும் போன் செய்தாள். இந்த முறை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: மறுபடி சைக்கிள் மிதிக்க வேண்டும், உங்களுக்கு இதனால் கஷ்டம்தான் வரும், பத்து நாள் படுக்க வேண்டியிருக்கலாம், வேண்டாம் என்றால் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள். ஓய்வுபெறும் வயதுக்கு முன்பே வேலையை விட்ட ஒரு தபால்காரர் போனிலேயே அழுதுவிட்டார். "மறுநாள் எப்படி இருக்கேன்னு என்னைக் கேட்ட முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார்.

அவளுடைய கணவன் வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்தான். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினான். கூட ஒரு நர்ஸ். வேகத்தடை வந்தால் வேன் பூனை மாதிரி ஏறி இறங்கியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தால் இறங்கிப்போய்ச் சண்டை போடவும் அவன் தயார். இரண்டாம் நாள் அவர்களை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து இயந்திரத்தில் படுக்க வைத்தபோது அக்கா பழக்கதோஷத்தில் மைக்கை அழுத்தி வாயைத் திறந்து, சொல்லாமலே மூடிக்கொண்டாள். அவர்களிடம் அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அந்த அளவுக்கு அசையாமல் கிடந்தவர்களை அவள் அந்த இயந்திரத்தில் பார்த்ததில்லை.

படமெல்லாம் எடுத்தாகிவிட்டது. கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் பேராசிரியர். காலண்டரில் முதல் தேதிக்கு நாலே நாள்தான் பாக்கி இருந்தது.

தங்கை தயாராகிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்து கூடம் வரை நடப்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்புவாள். விசிலையும் நீச்சல் தொப்பியையும் எடுத்து நாற்காலிமேல் வைத்திருந்தாள். அக்காவின் கணவன் வேண்டாம் என்று கெஞ்சினான். "முடிவு வரலையே மாமா. என்னத்தைச் சொல்லி லீவு கேக்கறது? ஒரு காகிதம் இருக்கா எங்கிட்ட?" என்றாள். மூன்றாம் முறை நடந்து திரும்பியபோது கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தபோது அக்காவின் கையில் அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை.

நீச்சல் குளத்து மேனேஜர் பெரிய உருவம். கழுத்தில் விசில், மேஜைமேல் ஈரத்தில் உப்பிப்போன பதிவேடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தண்ணீரை அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என் தங்கச்சி முதல் தேதி வர மாட்டா," என்றாள் அக்கா. "அவளுக்கு உடம்பு சரியில்ல. வந்தா இன்னும் மோசமாயிடும். அவ இடத்தை வேற யாருக்கும் குடுக்காதீங்க."

"அது தெரியும்மா. நல்ல பொண்ணு. ஆனா மூணு வருஷமாச்சே. ஏதாவது ரிப்போர்ட் இருக்கா?"

"இல்ல."

மேனேஜர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க ஸ்கேன் எடுக்கற இடத்துலதானே வேலை பாக்கறீங்க? ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டியதுதானே? நானும் மேல காட்டுவேன், விஷயம் முடிஞ்சது."

இதே கேள்வியைத்தானே அவளும் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வாயிலிருந்து வரும்போதுதான் அது எவ்வளவு கொடுமை என்று தெரிகிறது.

"படம் எடுக்கறதுதான் சார் என் தொழில். அதனாலதான் சொல்றேன்," என்றாள். "படத்துல வராதது எவ்வளவோ இருக்கு. பத்து நாள் கழிச்சு ஒரு முடிவு வரப்போகுது. அது எப்படி வேணாலும் வரட்டும். அதுக்காக நான் காத்திருக்கல. மூணு வருஷமா அவ கூட ஒரே வீட்டுல இருக்கேன். இன்னிக்குக் காலையில அவளைத் தூக்கினது இந்தக் கைதான். என் தங்கச்சி பொய் சொல்றவ இல்ல. எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். நான் அவ அக்கா, நான்தான் சாட்சி."

மேனேஜர் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க. ஆறு மாசம் நான் பிடிச்சு வைக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

அவள் எழுதினாள். அன்று வீட்டில், "ஆறு மாசம் தவணை குடுத்திருக்காங்களாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கை விசிலை நாற்காலியிலிருந்து எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டாள்.

சரியாகப் பத்தாம் நாள் மத்தியானம் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினார். முதல் நாள் படங்களில் அந்தப் பன்னிரண்டு பேரும் எல்லாரையும் போலத்தான் இருந்தார்கள். இரண்டாம் நாள் அவர்கள் மூளையின் சில பகுதிகளில் ரத்த ஓட்டம் இறங்கியிருந்தது. ஒருவர் இருவருக்கு இல்லை, பதினொரு பேருக்கு. நடந்து வந்த நாற்பது பேருக்கும் அது இல்லை. நல்லபடியாக இருப்பவர்களுக்கும் இல்லை.

"பன்னிரண்டு பேர் ரொம்பக் கம்மி," என்றார் பேராசிரியர், நிதானமாக. "வேற இடத்துலயும் செஞ்சு பாக்கணும். இதுக்கு மருந்து எங்கேன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆனா எங்க தேடணும்னு இப்போ தெரியும். நேத்து வரைக்கும் அதுகூடத் தெரியாது." சொல்லிவிட்டு ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார். அவர் சிரித்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அக்கா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். பின்பக்க அறையில் திரை பாதி விலகியிருந்தது. தங்கை இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்குக் கொஞ்சம் நல்ல நாள்.

அக்கா மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். பன்னிரண்டில் பதினொன்று என்று விரலை மடக்கிக் காட்டினாள். தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மலர்ந்தது, கண்ணும் கலங்கியது. "அந்தத் தபால்காரருக்குச் சொன்னீங்களா? முதல்ல அவருக்குச் சொல்லுங்கக்கா," என்றாள்.

"சொல்றோம். நீ என்னடி இவ்வளவு சாதாரணமா கேக்கறே? இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தே?"

"சாதாரணமா இல்லக்கா. ரொம்ப சந்தோஷம்." தங்கை கையை நீட்டி அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா போன வாரமே மேனேஜர் எனக்கு போன் பண்ணிட்டாரு. நீ எழுதிக் குடுத்ததை வரி விடாம படிச்சுக் காட்டினாரு. அன்னிக்கே அழ வேண்டியதெல்லாம் அழுது முடிச்சுட்டேன்."

அக்கா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடிவு வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சொல்லியிருக்கே. ஒரு காகிதமும் இல்லாம. இந்தப் படம் ஊருக்குக்கா. எனக்கு நீ எழுதின அந்தத் தாள் போதும்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் களைத்துவிட்டது. ஒரு வருஷமாக "நல்லாருக்கேன்" என்று மட்டுமே சொல்லிவந்தவள், கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ முடியலக்கா. தலை ரொம்ப வலிக்குது," என்றாள். அக்கா எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.